இன்னிக்கு என்ன கெட்டுப்போச்சு?

பூட்டுகிற நேரத்தில் மேலதிகாரிகள் வழக்கமாகக் கேட்கிற கேள்வி "எல்லாம் முடிஞ்சுதா?" என்பதுதான். எங்கள் டாக்டரம்மா ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை. சாவிக்கொத்தோடு வாசற்படியில் நின்றுகொண்டு, "இன்னிக்கு என்ன கெட்டுப்போச்சு?" என்பார். நேற்று அரைத்து வைத்த மாவு பொங்கிச்சா என்று கேட்கிற குரலில்தான் கேட்பார். அதட்டல் கிடையாது. ஆனால் பதில் சொல்லாமல் யாரும் படியிறங்க முடியாது.

"ஒண்ணும் இல்லீங்க" என்றால் நம்பமாட்டார். "இவ்வளவு கண்ணாடி, இவ்வளவு கிருமி, நடுவுல நாம மனுஷங்க. ஒண்ணுமே கெடலைன்னா, ஒண்ணு நாம வேலை பாக்கலை, இல்லே யாரோ சொல்லலை" என்பார். பிறகு தானே ஆரம்பிப்பார். இன்னிக்கு ஸ்பிரிட் விளக்கை அணைக்காம திரும்பிட்டேன், பின்னல் நுனி கருகியிருக்கும், என்பார். இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு ஒரே நம்பர் போட்டுட்டேன் என்பார். பெரிய படிப்புப் படித்தவர் இப்படித் தன் அசட்டுத்தனத்தைப் பலகாரம் மாதிரி எடுத்து வைத்தால், நாம் மட்டும் எப்படி வாயை மூடிக்கொண்டு நிற்பது? ஊசி தொலைந்தது, மூடி விரிசல் விட்டது, எல்லாம் வெளியே வந்துவிடும்.

நான் அங்கே அட்டெண்டராக இருந்தேன். திருச்சியில் ஜங்ஷனுக்கும் பாலக்கரைக்கும் நடுவே ஒரு கால்நடை ஆஸ்பத்திரி, அதன் கொல்லைப்பக்கத்தில் ஓடு வேய்ந்த ஒரு நீளக் கட்டடம். அதுதான் லேப். செத்த மாட்டின் ரத்தம், கடித்த நாயின் தலை, கலைந்து விழுந்த கன்று, இன்ன நோய் என்று தெரியாத எல்லாமே எங்களிடம் வரும். இன்ன நோய் என்று நாங்கள் சொல்லவேண்டும். சொல்லுகிற வேலையில் அந்த நோயை நாங்கள் வாங்கிக்கொள்ளாமல் இருக்கவேண்டும். இந்த இரண்டாவது பாதி டாக்டரம்மா வந்த பிறகுதான் எங்களுக்கு ஞாபகம் வந்தது.

மாட்டு டாக்டர் படிப்பைப் பெண்கள் படித்து வெளியே வர ஆரம்பித்த புதிது. பொம்பளை எப்படி காளைமாட்டைப் பிடிப்பாள் என்று மேலே யாரோ யோசித்து இவரை லேபிலே போட்டுவிட்டார்கள். "காளைன்னா முட்ட வர்றது தெரியும். இங்கே எது முட்டுதுன்னே தெரியாது. பத்திரமான இடம்னு அனுப்பிச்சிருக்காங்க பாருங்க சிங்காரம்" என்று என்னிடம் சிரித்தார். சிங்காரம் என்பது நான்.

குள்ளமான உருவம். மூக்குக்கண்ணாடியின் இரண்டு காதையும் கம்பளி நூலால் பின்பக்கம் கட்டியிருப்பார், நழுவினால் கை முகத்துக்குப் போகுமே என்று. கை முகத்துக்குப் போகக்கூடாது என்பது அவருடைய முதல் சட்டம். மூக்கு அரித்தால் தோளைத் தூக்கித் தோளாலேயே தேய்த்துக்கொள்வார். அது வீட்டிலும் பஸ்ஸிலும்கூடப் பழகிப்போய்விட்டது. தெரியாதவர்கள், இந்த அம்மா என்ன, எதைச் சொன்னாலும் தோளைச் சிலுப்பிக்கொள்கிறாளே, ரொம்பத் திமிரோ என்று நினைத்தார்கள். அரிப்புதான் ஐயா, திமிர் இல்லை.

வந்த வாரமே ஒரு தண்டவாளத் துண்டு வேண்டும் என்றார். அப்பா ரயில்வேயில் சிறு ஸ்டேஷன்களில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் அப்பாவும் பெண்ணுமாக இருந்தார்கள். அந்தப் பெரியவர் சொல்லியனுப்பி, பொன்மலை ரயில்வே பட்டறைப் பக்கத்திலிருந்து முழங்கை நீளத்துக்கு ஒரு துண்டு தண்டவாளம் வண்டியில் வந்து இறங்கியது. அதை லேபின் நடுவில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டு, பக்கத்தில் ஓர் இரும்புக் கம்பியும் மாட்டினோம். எதுவாவது கொட்டினால், உடைந்தால், கையைக் கிழித்தால், அவரவர் தாமே போய் அதை அடிக்கவேண்டும். அடித்ததும் எல்லாரும் நின்ற இடத்தில் நிற்கவேண்டும். அவர் கேட்பது இரண்டே கேள்வி. எங்கே? எப்போ? அடித்தவர் பதில் சொன்னதும், "நல்லது, சொன்னீங்க" என்பார். அப்புறம்தான் வைத்தியம், சுத்தம் எல்லாம்.

"தப்பு பண்ணினவன் கையைத் தூக்கினா வண்டி நிக்கும். கையைக் கட்டிக்கிட்டு நின்னா வண்டி கவுந்துடும்." இது அவர் அப்பா சொல்வதாம். அந்தப் பெரியவரை நான் ஒருமுறைதான் பார்த்தேன். அப்போது அவர் என்னிடம் பேசியது கத்தரிக்காய் விலையைப் பற்றி.

கொட்டினதைத் துடைப்பதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். கார்பாலிக் கிருமிநாசினியில் தோய்த்த துணியை மேலே போட்டுக் காத்திருக்கவேண்டும். பிறகு ஓரத்திலிருந்து நடுவுக்குத் துடைத்துக்கொண்டு வரவேண்டும். நான் என் வழக்கப்படி நடுவிலிருந்து வெளியே இழுத்தேன். "வீடு மெழுகறீங்களா? அது இருந்த இடம் ஒரு சாண், நீங்க அதை ஒரு முழமாக்கிட்டீங்க. ஊரைச் சுத்தி வளைச்சுத் திருடனைப் பிடிக்கிற மாதிரி வெளியிலேருந்து உள்ளே வாங்க" என்றார். இன்றைக்கும் என் வீட்டில் பால் கொட்டினால் நான் திருடனைத்தான் பிடிக்கிறேன். என் மனைவிக்கு அது சிரிப்பு.

அந்தத் தண்டவாளத்தை முதன்முதலில் அடித்தது யார் தெரியுமா? அவரேதான். உறையூரில் இரண்டு பேரைக் கடித்த நாயின் தலையைத் திறக்கும்போது எலும்புச் சில் கையுறையைத் தாண்டிக் கட்டைவிரலைக் கீறிவிட்டது. கண்ணுக்கே தெரியாத கீறல். தானே போய் அடித்தார். ஜங்ஷன் மெயில் உள்ளே வந்துவிட்டதோ என்று நாங்கள் துள்ளினோம். அந்த நாய்க்கு வெறி என்று அன்றைக்கே அவரேதான் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொன்னார். அப்புறம் தினமும் பெரியாஸ்பத்திரிக்குப் போய் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு, முதுகைக் கூனிக்கொண்டு வேலைக்கு வருவார். சாயந்தரம் சாவியோடு நின்று, "இன்னிக்கு என்ன கெட்டுப்போச்சு? என் வயிறு. நீங்க சொல்லுங்க" என்பார்.

பிரிட்ஜ் கதையையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடுகிற பிரிட்ஜ் ஒன்று எங்களிடம் இருந்தது. அந்த வட்டாரத்திலேயே அது ஒன்றுதான். ஆகவே அதற்கு நோய் மாதிரிகளைவிட நண்பர்கள் அதிகம். பக்கத்து ஆபீஸ் பெரியவர் வீட்டிலிருந்து மல்லிகைப்பூ வரும். திராட்சை வரும். கோடையில் மாம்பழக்கூழ் வரும். முன்பிருந்தவர்கள் வாங்கி வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். டாக்டரம்மா வந்ததும் நிறுத்தினார். பெரியவர் நேரிலேயே வந்துவிட்டார், திராட்சைக் கூடையோடு. ஒரு மூலையிலே வைத்தால் என்னம்மா குறைந்துபோகும் என்று கேட்டார். டாக்டரம்மா மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. "மூலையை நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்று பிரிட்ஜைத் திறந்து காட்டினார். தகர டப்பாவில் நாய்த்தலை ஒன்று, மூடி சரியாகப் பொருந்தாததால், ஒரு காதை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பெரியவர் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு போனார். அந்த வருஷம் அவர் திராட்சையே சாப்பிடவில்லை என்று அவர் பியூன் சொன்னான்.

ஆனால் ஏழை ஜனங்களிடம் இந்தக் குறும்பெல்லாம் கிடையாது. மண்ணச்சநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி, மனுஷனையும் கொல்லுகிற அடைப்பான் நோயில் திடீரென்று விழுந்து செத்த மாட்டின் காதை அறுத்துக்கொண்டு வந்தார். மாட்டைக் கிழிக்காதே, தோலை உரிக்காதே, காது நுனி மட்டும் போதும் என்று ஊர் ஊராகச் சொல்லியிருந்தோம். அவர் அதைச் சரியாகச் செய்தார். ஆனால் காதைக் கொண்டுவந்தது எதிலே? கஞ்சி கொண்டுபோகிற தூக்குச்சட்டியில், டவுன் பஸ்ஸில், மடியில் வைத்துக்கொண்டு. காதைக் கொடுத்துவிட்டுச் சட்டியைத் திருப்பிக் கேட்டார், போகிற வழியில் எண்ணெய் வாங்கணுமாம்.

டாக்டரம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் கத்தவில்லை. காதை மட்டும் கொண்டுவந்ததற்கு முதலில் பாராட்டினார். பிறகு அவர் கையைக் கழுவவைத்து, மாற்றுவேட்டி கொடுத்து, கட்டியிருந்த வேட்டியோடு சட்டியையும் எங்கள் ஆட்டோகிளேவில் ஏற்றினார். அதை நாங்கள் இட்லிப்பானை என்போம். இட்லி மாதிரி ஆவியில்தான் வேகவைக்கும், ஆனால் எந்தக் கிருமியும் தப்பாது. விவசாயி வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்தார். சாயந்தரம் சட்டி பளபளவென்று வந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எம் மருமக ஒரு நாளும் இப்படி வெளக்கினதில்லை தாயீ" என்றார். மறுநாளே டாக்டரம்மா சின்னச் சின்னத் தகர டப்பாக்களை வாங்கி ஊர்களுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். "அவர் மேலே தப்பில்லை. காதை அனுப்புங்கன்னு சொன்னோம், எதிலேன்னு சொன்னோமா?" என்றார்.

இப்போது வரதன் சாரிடம் வருகிறேன். அவரைச் சொல்லாமல் டாக்டரம்மாவைச் சொல்ல முடியாது.

வரதன் சார் எங்கள் டெக்னீஷியன். ஸ்ரீரங்கத்துக்காரர். விடியற்காலை அம்மாமண்டபத்தில் குளியல், நெற்றியில் பளிச்சென்று திருமண், கோயிலில் பாராயண கோஷ்டியில் நின்று பாசுரம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவார். வெண்கலக் குரல். வீட்டில் மடி ஆசாரம் என்றால் அப்படி ஓர் ஆசாரம், தண்ணீரைக்கூட அண்ணாந்துதான் குடிப்பார். ஆனால் லேபில் கிருமி கலந்த நீரைக் கண்ணாடிக்குழாயால் வாயில் வைத்து உறிஞ்சித்தான் அளப்பார். உலகத்தில் எல்லா லேபிலும் அப்போது அதுதான் வழக்கம். அவர் அளந்தால் ஒரு சொட்டு கூடாது, குறையாது. அதில் அவருக்குப் பெருமை.

டாக்டரம்மா அதை நிறுத்த வழி தேடினார். பெரியகடைவீதியில் கார் ஹாரனுக்கு விற்கிற ரப்பர் குமிழ் ஒன்றை என்னை வாங்கிவரச் சொல்லி, ஒரு ரப்பர்க் குழாயோடு இணைத்து, இதை அமுக்கி உறிஞ்சுங்கள் என்று கொடுத்தார். வரதன் சார் அதை வாங்கி "பூம், பூம்" என்று இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார். "டாக்டரம்மா, வண்டி எப்போ வரும்?" என்றார். எல்லோரும் சிரித்தோம், டாக்டரம்மா உள்பட.

சிரித்து முடித்துவிட்டு அவர் கேட்டார். "வரதன் சார், வீட்டில ஒருத்தர் வாய் வச்ச டம்ளரை நீங்க தொடுவீங்களா?"

"எப்படித் தொடுவேன்? எச்சில் ஆச்சே."

"இங்கே செத்த மாடு வாய் வச்சதைத் தொடறீங்களே."

"அது ஆத்துல. இது ஆபீஸ்" என்றார் வரதன் சார். ஆனால் அன்றிலிருந்து ஹாரனை எடுத்துக்கொண்டார். டாக்டரம்மா இருக்கும்போது, அதாவது.

ஓர் ஆடி மாசம் டாக்டரம்மா லால்குடிப் பக்கம் கிராமங்களுக்குப் போய்விட்டார். அங்கே மாடுகள் நிறைமாதத்தில் கன்றைக் கலைத்துப் போட்டுக்கொண்டிருந்தன. கன்றுவீச்சு நோய் என்பார்கள். கலைந்த ஒரு கன்றிலிருந்து கிருமியை வளர்த்து வைத்திருந்தோம். அந்த நாட்களில் அதோடு வேலை செய்துகொண்டிருந்தது வரதன் சார்தான். தண்டவாளம் அடிக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

ஆவணி பாதியில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. விசித்திரமான காய்ச்சல். காலையில் எழுந்து உட்கார்ந்து காப்பி குடிப்பார். சாயந்தரம் ஆனால் உடம்பு கொதிக்கும், இரவு வேட்டி பிழிகிற மாதிரி வேர்க்கும், முதுகு இற்றுப்போகும். நாலு நாள் விடும், மறுபடி வரும். மலேரியா என்று கொயினா கொடுத்தார்கள். டைபாய்டு என்று பட்டினி போட்டார்கள். ஆள் பாதியானார். ஐப்பசியில் ஒரு டாக்டர், க்ஷயமாக இருக்கலாம், சானடோரியத்துக்கு அனுப்பிப் பார்க்கலாமே என்று சொல்லிவிட்டார்.

டி.பி. என்று இப்போது சொல்கிற க்ஷயம் என்ற சொல் அந்தக் காலத்தில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் தெருவே கதவைச் சாத்தும். வரதன் சாரின் பெண்ணுக்குத் தையில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கும்பகோணத்துச் சம்பந்தி. அந்தச் சொல் காவிரியைத் தாண்டினால் கல்யாணம் நின்றுபோகும். பெண்ணுக்கு அப்புறம் வேறு இடமும் அமையாது. ஆகவே சானடோரியமும் போகாமல், வைத்தியமும் இல்லாமல், அவர் வீட்டிலேயே கிடந்தார்.

அந்த வாரம் சனிக்கிழமை நான் பெருமாளைச் சேவிக்க ஸ்ரீரங்கம் போயிருந்தேன். கோஷ்டியில் வரதன் சார் குரல் இல்லாமல் வெறிச்சென்று இருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவரிடம், பாவம் காய்ச்சலாகக் கிடக்கிறார் என்றேன். அவர், காய்ச்சல் ஆவணியில்தானே ஐயா வந்தது, அவர் ஆடிக் கடைசியிலிருந்தே வரவில்லை என்றார்.

திங்கட்கிழமை பூட்டும்போது டாக்டரம்மா வழக்கம்போலக் கேட்டார். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. "லேபிலே ஒண்ணும் கெடலீங்க. கோயில்லதான் கோஷ்டி கெட்டுப்போச்சு" என்று கேட்டதைச் சொன்னேன்.

சாவி பாதி திரும்பி நின்றது. "காய்ச்சலுக்கு முன்னாடியேவா நிறுத்திட்டார்?"

"அப்படித்தான் சொன்னாங்க."

அவர் கொஞ்ச நேரம் அந்தத் தண்டவாளத்தையே பார்த்தார். பிறகு கதவைப் பூட்டிவிட்டு, "வாங்க, ஸ்ரீரங்கம் போகலாம்" என்றார்.

மொட்டைக் கோபுரத்துக்கிட்டே பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தோம். மாமி கதவைத் திறந்து, "வாங்கோ" என்றார். குரல் அழுது ஓய்ந்த குரல். கூடத்தில் பாய் போட்டு வரதன் சார் படுத்திருந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. அவரைத் திருமண் இல்லாமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எங்களைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டரம்மா தரையில் உட்கார்ந்தார். உடம்பு எப்படி என்று கேட்கவில்லை. என்ன நடந்தது என்றும் கேட்கவில்லை. "பூட்டற நேரம் ஆச்சு வரதன் சார்" என்றார். "முதல்ல நான் சொல்லிடறேன். இன்னிக்குக் காலையில லால்குடி மாட்டு ரத்தத்தை மண்ணச்சநல்லூர்னு எழுதிட்டு ஒரு மணி நேரம் அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். சிங்காரம், நீங்க?"

சட்டென்று எனக்கு என்ன தோன்றியதோ, இட்லிப்பானையில் தண்ணீர் வைக்காமல் ஏற்றி, தீய்ந்த வாசனை வந்து ஓடினதைச் சொன்னேன். அது நிஜமாகவே அன்றைக்கு நடந்தது. அதைச் சொல்லாமல் விடலாம் என்றுதான் இருந்தேன்.

"நீங்க?" என்றார் சுவரைப் பார்த்து.

கதவுக்குப் பின்னால் மாமியின் வளையல் ஒரு முறை சத்தமிட்டு நின்றது.

"ஹாரன் மெதுவா இழுக்கறதுன்னு குழாயை வாயிலே வச்சேன்" என்றார் வரதன் சார், சுவரோடு. "நீங்க ஊர்ல இல்லை. வாய் நிறைய வந்துடுத்து. துப்பினேன். பர்மாங்கனேட் தண்ணியிலே கொப்புளிச்சேன். அந்த இரும்பைப் பாத்தேன். அடிக்கலை. யார்கிட்டே போய்ச் சொல்றது, செத்த கன்னுக்குட்டியோட அழுகலை வாயிலே வாங்கிண்டேன்னு? ஆத்துலயா? கோயில்லயா? இந்த வாயை வச்சுண்டு எப்படிப் பெருமாள் முன்னாடி நிப்பேன்?"

"எந்தக் கன்னுக்குட்டி?"

"லால்குடி."

டாக்டரம்மா கண்ணை மூடித் திறந்தார். பிறகு, நம்புவீர்களோ மாட்டீர்களோ, சிரித்தார். "நல்லது, சொன்னீங்க. வரதன் சார், அப்படின்னா இது க்ஷயமா இருக்காது. கன்றுவீச்சு மனுஷனுக்கு வந்தா இப்படித்தான் விட்டு விட்டு அடிக்கும். ரத்தம் எடுத்துப் பாத்துட்டா தெரிஞ்சுடும். இதுக்கு மருந்து இருக்கு. வீட்டுல இன்னொருத்தருக்கு ஒட்டுற நோயும் இல்லை."

கதவுக்குப் பின்னால் மாமி உட்கார்ந்துவிட்ட சத்தம் கேட்டது.

வரதன் சார் மெல்லத் திரும்பினார். "வாய்?" என்றார். அதுதான் அவர் கேட்டது. காய்ச்சலை அல்ல.

"வாயை அன்னிக்கே கழுவிட்டீங்க. பேச்சைத்தான் முழுங்கிட்டீங்க, அதான் உடம்புக்கு ஆகலை."

மறுநாள் எங்கள் லேபிலேயே அந்த ரத்தத்தைச் சோதித்தார். மாட்டுக்குச் செய்கிற அதே சோதனைதான். நோய் இல்லாவிட்டால் குழாயில் கலங்கலாகவே நிற்கும், இருந்தால் பால் திரிந்த மாதிரி அடியில் படிந்து மேலே தெளியும். தெளிந்திருந்தது. அந்தக் குழாய்களை எடுத்துக்கொண்டு அவரே பெரியாஸ்பத்திரிக்குப் போனார். அங்கே இருந்த இளம் டாக்டர் நல்ல மனுஷன். மாட்டு டாக்டர் மனுஷனுக்கு வைத்தியம் சொல்ல வந்துவிட்டாயா என்று கேட்காமல், குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, ஊசிகளுக்கும் மாத்திரைக்கும் எழுதினார். இங்கே கிடைக்காத ஒரு மருந்து, டாக்டரம்மாவின் அப்பாவுக்குத் தெரிந்த ரயில்வே கார்டு ஒருவர் கையோடு மெட்ராஸிலிருந்து வந்தது. நடுவில் ஒரு தடவை காய்ச்சல் எட்டிப் பார்த்தது. அப்புறம் வரவில்லை.

இதை மேலே சொல்லாமல் விட்டிருக்கலாம். டாக்டரம்மா சொன்னார். கார்த்திகையில் மெட்ராஸிலிருந்து ஓர் அதிகாரி விசாரிக்க வந்தார். விதியை மீறி, மறைத்தவனைத் தண்டிக்கவேண்டாமா என்றார். நான் காப்பி கொடுத்துக்கொண்டு நின்றேன், அதனால் காதில் விழுந்தது.

"தண்டிச்சா, இந்த இரும்பை இனிமே யாரும் அடிக்க மாட்டாங்க" என்றார் டாக்டரம்மா. "சத்தமே இல்லாத லேப்னு நீங்களும் சந்தோஷப்பட்டுக்கிட்டுப் போவீங்க. அவர் அடிக்க பயந்தார்னா, நான் இல்லாதபோதும் பயமில்லாம அடிக்கிற மாதிரி நான் வைக்கலை. என் பேரை எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்கள். மெட்ராஸ் ஆராய்ச்சி லேபுக்குப் போகவேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாள் ஆசை. அந்த வருஷம் அவர் பேர் வரவில்லை. என்னங்க இப்படி ஆச்சே என்று நான் மனம் தாளாமல் கேட்டபோது, தோளைத் தூக்கி மூக்கைத் தேய்த்துக்கொண்டார். அப்போது மூக்கு அரித்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. சில வருஷம் கழித்து, திருவெறும்பூரில் பெரிய தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்த காலத்தில், அவருக்கு மெட்ராஸ் கிடைத்தது. அங்கே எல்லா அறையிலும் தண்டவாளம் தொங்குகிறதாம் என்று கேள்விப்பட்டேன். பொய்யாக இருந்தாலும் நல்ல பொய்தான்.

மார்கழி பிறந்த அன்று வரதன் சார் வேலைக்குத் திரும்பினார். சட்டை தோளில் தொங்கிற்று, ஆனால் நெற்றியில் திருமண் பளிச்சென்று இருந்தது. காலையில் கோஷ்டிக்குப் போய்விட்டு வந்திருக்கிறார் என்று அதிலேயே தெரிந்தது. பையைக்கூட இறக்காமல், நேரே லேபின் நடுவுக்குப் போய்க் கம்பியை எடுத்துத் தண்டவாளத்தை ஓங்கி அடித்தார்.

சட்டம் சட்டம்தான். நாங்கள் நின்ற இடத்தில் நின்றோம். என் கையில் கழுவின பாட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"எங்கே?"

"கோடி மேஜையிலே. அப்புறம் வாயிலே."

"எப்போ?"

"ஆடி மாசம்."

யாரும் சிரிக்கவில்லை. டாக்டரம்மாவும் சிரிக்கவில்லை. "நல்லது, சொன்னீங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "சிங்காரம், துணியை எடுங்க" என்றார்.

அந்த மேஜையை ஆடியிலிருந்து மார்கழிவரை எத்தனையோ முறை கழுவியாகிவிட்டது. ஆனாலும் கார்பாலிக்கில் துணியைத் தோய்த்து, வரதன் சார் விரலால் காட்டிய இடத்தில் போட்டேன். எல்லோரும் காத்திருந்தோம். காத்திருக்க வேண்டிய நேரம் ஆனதும் ஓரத்திலிருந்து நடுவுக்குத் துடைத்துக்கொண்டு வந்தேன். வரதன் சார் பக்கத்திலேயே நின்று, துணி நடுவுக்கு வந்து சேருகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பையை மாட்டிவிட்டு, ஹாரனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சாயந்தரம் டாக்டரம்மா சாவியோடு வாசற்படியில் நின்றார். "இன்னிக்கு என்ன கெட்டுப்போச்சு?"

நான் ஒரு புனல் உடைந்ததைச் சொன்னேன். அவர் வரதன் சாரைப் பார்த்தார்.

"நான் காத்தாலேயே சொல்லிட்டேனே" என்றார் வரதன் சார்.

"ஆமாம்ல" என்று சாவியைத் திருப்பினார்.